எதிரும் புதிருமாய் இரண்டு மின்னூட்டங்கள்

"ஐயா, ஓர் ஐயம். ஒரு நேர் மின்னூட்டம். அதே அளவில் ஓர் எதிர் மின்னூட்டம். இரண்டையும் கூட்டினால் பூச்சியம்தானே? பூச்சியத்தைப் பற்றி எதற்காக இத்தனை பக்கங்கள் படிக்கிறோம்?"

நிலைமின்னியல் பாடத்தில் 'மின் இருமுனை' என்ற தலைப்பைக் கரும்பலகையில் எழுதி முடித்தவுடன், வகுப்பின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து இந்தக் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. கேட்பவர் குறும்புக்காகவே கேட்டாலும் கேள்வி நல்ல கேள்விதான். விடையைத் தேடாமல் சமன்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்து விடுகிறவர்களே மிகுதி. நானும் எம்.எஸ்ஸி. பட்டம் பெறும் வரை அப்படித்தான் இருந்தேன். பிறகு ஓர் இரவு, மருத்துவமனைக் கட்டில் ஒன்றின் அருகே நின்றபோதுதான் அந்தச் சமன்பாடு எனக்கு உண்மையாக விளங்கிற்று. அந்த இரவைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன் அடிப்படைகளைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம்.

மின்னழுத்தம் என்றால் என்ன?

மாடியில் உள்ள தொட்டியிலிருந்து நீர் கீழே உள்ள குழாய்க்குத் தானாகவே வருகிறது. காரணம், இரண்டு இடங்களுக்கும் உள்ள உயர வேறுபாடு. அதே நீரை மாடிக்கு ஏற்ற வேண்டுமானால் நாம் வேலை செய்தாக வேண்டும். மின்னியலில் இந்த உயரத்தின் இடத்தை வகிப்பது மின்னழுத்தம். ஓரலகு நேர் மின்னூட்டத்தை வெகு தொலைவிலிருந்து ஒரு புள்ளிக்குக் கொண்டு வருவதற்கு எவ்வளவு வேலை செய்ய வேண்டுமோ, அதுவே அப்புள்ளியின் மின்னழுத்தம். இதன் அலகு வோல்ட்.

தனியாக உள்ள ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி மின்னழுத்தம் எப்படி அமைகிறது என்பதைக் கீழ்க்காணும் எளிய விதி தருகிறது:

மின்னழுத்தம் = 9 × 10⁹ × மின்னூட்டம் ÷ தொலைவு

மின்னூட்டத்தைக் கூலூமிலும் தொலைவை மீட்டரிலும் எடுத்துக் கொண்டால் விடை வோல்ட்டில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு நானோகூலூம் மின்னூட்டத்தை எடுத்துக் கொள்வோம். அதிலிருந்து 1 மீட்டர் தொலைவில் மின்னழுத்தம் 9 வோல்ட். 2 மீட்டரில் 4.5 வோல்ட். 10 மீட்டரில் 0.9 வோல்ட். தொலைவு எத்தனை மடங்கு கூடுகிறதோ, அத்தனை மடங்கு மின்னழுத்தம் குறைகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. மின்னழுத்தத்திற்குத் திசை கிடையாது. பல மின்னூட்டங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் தரும் மின்னழுத்தத்தைத் தனித்தனியே கண்டு, நேர் எதிர்க் குறிகளோடு சாதாரணமாகக் கூட்டிவிடலாம்.

மேடும் பள்ளமும்

வீட்டின் பின்புறத்தில் ஒரு குழி வெட்டுகிறீர்கள். எடுத்த மண்ணை அதன் பக்கத்திலேயே குவித்து விடுகிறீர்கள். வெளியிலிருந்து மண் வரவும் இல்லை. வெளியே போகவும் இல்லை. கணக்குப் பார்த்தால் பூச்சியம். ஆனால் இருட்டில் அந்த வழியாக நடந்து பாருங்கள்! அங்கே ஒரு மேடும் ஒரு பள்ளமும் இருப்பதைக் கால் உடனே கண்டுபிடித்து விடும்.

மின் இருமுனை என்பதும் இதுதான். நேர் மின்னூட்டம் ஒரு மேடு. எதிர் மின்னூட்டம் ஒரு பள்ளம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று முழுதும் அழித்துவிடும். சிறிது விலகி நின்றாலும் அழிவு முழுமையடைவதில்லை. ஏனெனில், நாம் நிற்கும் இடத்துக்கு ஒன்று சற்று அருகில் இருக்கிறது. மற்றது சற்று தொலைவில் இருக்கிறது. அருகில் இருப்பதன் கை சற்று ஓங்குகிறது.

எவ்வளவு ஓங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நானோகூலூம் நேர் மின்னூட்டமும் ஒரு நானோகூலூம் எதிர் மின்னூட்டமும் 1 செ.மீ. இடைவெளியில் உள்ளன. இரண்டையும் இணைக்கும் கோட்டின் மீது, நேர் மின்னூட்டத்தின் பக்கமாக, நடுப்புள்ளியிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கிறோம். நேர் மின்னூட்டம் 0.995 மீட்டரிலும் எதிர் மின்னூட்டம் 1.005 மீட்டரிலும் உள்ளன. முன்னது தருவது ஏறத்தாழ 9.045 வோல்ட். பின்னது தருவது ஏறத்தாழ 8.955 வோல்ட், எதிர்க்குறியோடு. எஞ்சுவது 0.09 வோல்ட்.

இதே கணக்கை வெவ்வேறு தொலைவுகளுக்குச் செய்தால் கிடைப்பவை:

1 மீட்டரில்: தனி மின்னூட்டம் 9 வோல்ட், இருமுனை 0.09 வோல்ட்.
2 மீட்டரில்: தனி மின்னூட்டம் 4.5 வோல்ட், இருமுனை 0.0225 வோல்ட்.
3 மீட்டரில்: தனி மின்னூட்டம் 3 வோல்ட், இருமுனை 0.01 வோல்ட்.
10 மீட்டரில்: தனி மின்னூட்டம் 0.9 வோல்ட், இருமுனை 0.0009 வோல்ட்.

தொலைவு இரு மடங்காகும்போது இருமுனையின் மின்னழுத்தம் நான்கில் ஒரு பங்காகிறது. மூன்று மடங்காகும்போது ஒன்பதில் ஒரு பங்காகிறது. அதாவது, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. விலகிச் செல்லச் செல்ல ஒவ்வொன்றின் பங்கும் குறைகிறது. அதோடு, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடும் மங்கிப் போகிறது. இரண்டு குறைவுகளும் சேர்ந்துதான் இருமடியாகின்றன.

திசை எங்கிருந்து வந்தது?

இதுவரை இருமுனையின் அச்சுக்கோட்டின் மீதே நின்றோம். இனிச் சற்றுச் சுற்றி வருவோம். நடுப்புள்ளியிலிருந்து அதே 1 மீட்டர் தொலைவில், ஒரு வட்டத்தில் நடக்கிறோம் என்று கொள்ளுங்கள்.

நாம் நகர நகர, இரண்டு மின்னூட்டங்களின் தொலைவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மாறுகிறது. அச்சுக்கோட்டில் நிற்கும்போது அந்த வேறுபாடு முழு இடைவெளிக்கும் சமம், அதாவது 1 செ.மீ. அச்சுக்கோட்டிலிருந்து ஒரு கோணம் விலகி நின்றால், வேறுபாடு ஏறத்தாழ இடைவெளியை அக்கோணத்தின் கோசைனால் பெருக்கினால் வரும் அளவு. இதைத் தாளில் வரைந்து பார்த்தால் எளிதில் விளங்கும். ஆகவே,

மின்னழுத்தம் = 9 × 10⁹ × மின்னூட்டம் × இடைவெளி × கோசைன் (கோணம்) ÷ தொலைவின் இருமடி

இடைவெளியோடு ஒப்பிடத் தொலைவு மிகப் பெரியதாக இருக்கும்போது இது பொருந்தும். இதில் மின்னூட்டமும் இடைவெளியும் எப்போதும் பெருக்கலாகவே வருவதைக் கவனியுங்கள். அப்பெருக்கல் பலனுக்கு 'இருமுனைத் திருப்புத்திறன்' என்று பெயர். எதிர் மின்னூட்டத்திலிருந்து நேர் மின்னூட்டத்தை நோக்கிய திசையை அதற்குக் கொடுப்பது இயற்பியலார் வழக்கம். நம் எடுத்துக்காட்டில் அச்சுக்கோட்டில் 0.09 வோல்ட்; 60 பாகையில் அதில் பாதி, 0.045 வோல்ட், 90 பாகையில் பூச்சியம், எதிர்ப்பக்கம் சென்று 180 பாகையில் நின்றால் எதிர்க்குறியோடு 0.09 வோல்ட்.

மின்னழுத்தத்திற்குத் திசை கிடையாது என்று சொன்னோம். ஆனாலும் இருமுனையைச் சுற்றியுள்ள மின்னழுத்தம், இருமுனை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதை நமக்குச் சொல்லிவிடுகிறது! ஒரு தனி மின்னூட்டத்தைச் சுற்றி வந்தால் எந்தப் பக்கமும் ஒரே எண்தான். இருமுனையைச் சுற்றி வந்தால் நேர், பாதி, பூச்சியம், எதிர் என எண்கள் மாறுகின்றன. அந்த மாற்றத்திலிருந்து உள்ளே இருப்பதன் திசையைக் கண்டுவிடலாம். இக்கட்டுரையின் உயிர்நாடி இதுதான்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்றுண்டு. 90 பாகையில் மின்னழுத்தம் பூச்சியம் என்றால் அங்கே மின்புலமும் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள சரிவில் நிற்பவர் சரியாகத் தரைமட்ட உயரத்தில்தான் இருக்கிறார். ஆனால் கால் வழுக்காமல் இருக்குமா? மின்னழுத்தம் உயரம்; மின்புலம் சரிவு. உயரம் பூச்சியமாக உள்ள இடத்தில் சரிவு இருக்கலாம்.

குவளை நீரில் கோடானுகோடி இருமுனைகள்

இருமுனை என்பது பாடப்புத்தகத்துக்காகச் செய்த பொருள் அன்று. நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் இருமுனை. ஆக்சிஜன் அணு எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் சற்று இழுத்து வைத்துக் கொள்கிறது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சற்றே நேர் மின்தன்மை பெறுகின்றன. மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருப்பதால் இரு பக்கத்து இழுப்புகளும் ஒன்றை ஒன்று அழிக்காமல் எஞ்சி நிற்கின்றன. கார்பன் டை ஆக்சைடில் மூன்று அணுக்களும் நேர்கோட்டில் நிற்பதால் அங்கே எஞ்சுவது பூச்சியம். உப்பு நீரில் கரைவதற்குக் காரணம், நீரின் இருமுனைகள் உப்பின் அயனிகளைச் சூழ்ந்து கொண்டு பிரித்தெடுப்பதே. மூலக்கூறுகளின் இருமுனைத் திருப்புத்திறனை அளக்கும் அலகுக்கு, இத்துறையில் முன்னோடியாகிய பீட்டர் டிபையின் பெயரையே வைத்தனர். நெதர்லாந்தில் பிறந்த டிபை 1936-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

நீர் மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத சிற்றுலகைச் சேர்ந்தது. நம் கையளவில் ஓர் இருமுனை உண்டா? உண்டு. அது நம் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது.

இதயம் ஓர் இருமுனை

இதயத் தசைச் செல் ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. ஓய்வாக இருக்கும்போது சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் உள்ளது. செல் தூண்டப்பட்டவுடன் சோடியம் அயனிகள் உள்ளே பாய, இந்நிலை தலைகீழாகிறது. தூண்டல் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அலையாகப் பரவுகிறது. அலை இன்னும் சென்று சேராத பகுதியில் செல்களின் வெளிப்புறம் நேர். அலை கடந்துவிட்ட பகுதியில் வெளிப்புறம் எதிர். ஆக, அலைமுகப்பில் முன்னே நேர், பின்னே எதிர்! ஓர் இருமுனை, அலை செல்லும் திசையைப் பார்த்தபடி, இதயத்தின் ஊடே நகர்ந்து செல்கிறது.

உடல் வெற்றிடம் அன்று. உப்பு நீர் நிறைந்த மின்கடத்தி. ஆகவே இங்கே செயற்படுவது நிலையான மின்னூட்டங்களின் இருமுனை அன்று. ஒரு முனையில் மின்னோட்டத்தை வெளியிட்டு மறுமுனையில் உள்ளிழுக்கும் மின்னோட்ட இருமுனை. ஆனாலும் பரந்த கடத்தி ஒன்றில் அது தரும் மின்னழுத்தத்தின் வடிவம் மாறுவதில்லை. சமன்பாட்டின் முன்னால் உள்ள மாறிலி மட்டும் மாறுகிறது. மேலே கோசைனும் கீழே தொலைவின் இருமடியும் அப்படியே நிற்கின்றன.

இதய முழுவதும் ஓய்வில் இருக்கும்போது எல்லாச் செல்களும் ஒரே நிலையில் உள்ளன. முன்னே, பின்னே என்ற வேறுபாடு இல்லை, ஆகவே வெளியே இருமுனை இல்லை, இ.சி.ஜி. கோடு சமமட்டத்தில் ஓடுகிறது. இதயக் கீழறைகள் முழுவதும் தூண்டப்பட்ட நிலையில் இருக்கும் சிறு இடைவேளையிலும் அப்படியே. மருத்துவர்கள் எஸ்-டி பகுதி என்று கூறும் இடம் இதுதான். இதயத்துக்குச் செல்லும் இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், அக்குழாய் ஊட்டி வந்த தசைப்பகுதியின் செல்கள் மற்றச் செல்களோடு ஒத்த நிலையில் இருப்பதில்லை. இருக்கக் கூடாத வேளையில் அங்கே ஓர் இருமுனை தோன்றிவிடுகிறது. எஸ்-டி பகுதி சமமட்டத்தைவிட்டு உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கிறது. மாரடைப்பை அடையாளம் காண மருத்துவர் முதலில் தேடும் அறிகுறிகளுள் இதுவும் ஒன்று. 'பூச்சியத்தைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்' என்ற கேள்விக்கு விடை தெரியத் தொடங்குகிறதல்லவா?

வாலரும் ஐந்தோவனும்

மனித இதயத்தின் மின்னழுத்தத்தை உடலைத் திறக்காமல் வெளியிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். 1887-இல் இலண்டனில் இதைச் செய்தார். நுண்குழாயில் உள்ள பாதரசம் மின்னழுத்தத்திற்கேற்ப அசையும் ஒரு கருவியே அவரிடம் இருந்தது. ஜிம்மி என்ற தம் வளர்ப்பு நாயைக் கூட, பாதங்களை உப்பு நீரில் வைத்து நிற்கச் செய்து, பலர் முன்னிலையில் அதன் இதயத் துடிப்பைக் காட்டினார். உடலில் எந்த இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே அளவு மின்னழுத்தம் கிடைக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். சில இணைகளில் பாதரசம் நன்றாக அசைந்தது. சிலவற்றில் அசைந்ததே தெரியவில்லை. நெஞ்சுக்குள் சாய்வாக ஓர் இருமுனை இருப்பதாகக் கொண்டு, அதன் சமமின்னழுத்தக் கோடுகளை மனித உருவத்தின் மீது வரைந்து அவர் இதை விளக்கினார்.

பாதரசம் கனமானது, வேகமாக மாறும் மின்னழுத்தத்தைத் தொடர அதனால் இயலவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லெம் ஐந்தோவன். வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்சு இழையை வலிமையான காந்தப் புலத்தில் தொங்கவிட்டார். இதயத்திலிருந்து வரும் சிறு மின்னோட்டம் இழையில் பாயும்போது இழை விலகியது. அதன் நிழலை நகரும் ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தார். 1901-இல் இக்கருவியைப் பற்றி அவர் எழுதினார். நோயாளி இரு கைகளையும் இடக்காலையும் உப்புக் கரைசல் உள்ள சாடிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கருவியின் எடை கால் டன்னுக்கும் மேல். இயக்க ஐந்து பேர் வேண்டும். இன்று ஒரு பெட்டியில் அடங்கும் கருவியின் முன்னோர் இது! பதிவில் காணும் அலைகளுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் ஐந்தோவனே. 1924-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஐந்தோவனின் முக்கோணம்

வலத்தோள், இடத்தோள், அடிவயிறு ஆகிய மூன்றும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகள் என்றும், இதயம் அதன் நடுவே உள்ள ஓர் இருமுனை என்றும் கொள்ளுங்கள். மணிக்கட்டில் கம்பியை மாட்டினாலும் தோளின் மின்னழுத்தமே கிடைக்கும். ஏனெனில் கையில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லாததால் கை முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கிறது. கையே கம்பியின் நீட்சியாகிவிடுகிறது. அதுபோல இடக்கால் அடிவயிற்றின் சார்பில் நிற்கிறது.

மூன்று மூலைகளுக்கிடையே மூன்று அளவீடுகள்:

லீட் 1 = இடக்கை − வலக்கை
லீட் 2 = இடக்கால் − வலக்கை
லீட் 3 = இடக்கால் − இடக்கை

நலமுள்ள பலரிடம் இதயக் கீழறைகள் தூண்டப்படும்போது இருமுனையின் திசை, நோயாளியின் இடப்பக்கமாகவும் கீழாகவும், கிடைமட்டத்துக்கு 60 பாகைக்கு அருகில் அமைகிறது. அப்போது இருமுனையின் திசையோடு இடக்கால் மூலை செய்யும் கோணம் 30 பாகை. இடக்கை மூலை 90 பாகை. வலக்கை மூலை 150 பாகை. கோசைன் மதிப்புகளைப் போட்டால், மூலைகளின் மின்னழுத்தங்கள் முறையே 0.87, 0, −0.87 அலகுகள். ஆகவே லீட் 1-இல் 0.87, லீட் 2-இல் 1.74, லீட் 3-இல் 0.87. இருமுனையின் திசை லீட் 2-இன் திசையோடு ஒத்திருப்பதால் லீட் 2-இல் அலை மிக உயரமாகத் தெரிகிறது. இருமுனையின் திசை மாறினால் இந்த மூன்று எண்களின் விகிதமும் மாறும். மருத்துவர் எண்களிலிருந்து பின்னோக்கிச் சென்று திசையைக் கண்டுபிடிக்கிறார்.

முதல் லீடையும் மூன்றாம் லீடையும் கூட்டினால் இரண்டாம் லீட் வருவதையும் கவனியுங்கள். இது தற்செயல் அன்று. மேலே உள்ள மூன்று கழித்தல்களையும் பார்த்தால் காரணம் தானே விளங்கும். உங்கள் வீட்டில் பழைய இ.சி.ஜி. தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வழக்கமான தாளில் செங்குத்தாக 10 மி.மீ. ஒரு மில்லிவோல்ட்டைக் குறிக்கும். கிடைமட்டத்தில் 25 மி.மீ. ஒரு நொடி. மூன்று லீடுகளும் ஒரே நேரத்தில் பதிவாகியிருந்தால், ஒரே துடிப்பின் ஒரே கணத்தில் கட்டங்களை எண்ணிக் கூட்டிச் சரிபார்க்கலாம். நோயைக் கண்டறியும் வேலையை மட்டும் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

அந்த இரவு

இனி நான் சொல்வதாகச் சொன்ன இரவுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், இரவு உணவுக்குப் பின் என் தந்தையார் நெஞ்சு இறுக்குகிறது என்று சொல்லி வியர்த்துப் போய் உட்கார்ந்துவிட்டார். அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். பணியிலிருந்த இளைஞர் விரைந்து கம்பிகளை மாட்டி இ.சி.ஜி. எடுத்தார். எட்டிப் பார்த்த எனக்குப் பகீரென்றது. லீட் 1-இல் எல்லா அலைகளும் தலைகீழாக இருந்தன.

மருத்துவர் வந்தார். தாளைப் பார்த்தார். அடுத்து அவர் பார்த்தது என் தந்தையாரின் முகத்தை அன்று, மணிக்கட்டுகளை!

"லீட் 1-ல பி அலையே கவிழ்ந்திருக்கு. அப்படின்னா ஒண்ணு, இதயம் வலப்பக்கம் இருக்கணும். இல்லேன்னா கம்பி மாறியிருக்கணும். மார்பு லீடெல்லாம் சரியா இருக்கு. கம்பிதான் சார்."

வலக்கையில் இருக்க வேண்டிய சிவப்புக் கம்பி இடக்கையில் இருந்தது. இடக்கைக்குரிய மஞ்சள் கம்பி வலக்கையில் இருந்தது. மாற்றி மாட்டி மறுபடி எடுத்தபோது அலைகள் நிமிர்ந்து நின்றன. விடியும் வரை வைத்திருந்து, இரத்தப் பரிசோதனைகளும் செய்து, அச்சப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பி வைத்தார்கள்.

கம்பி மாறினால் என்ன நேர்கிறது என்பதை நம் எண்களைக் கொண்டே பார்க்கலாம். கருவி இடக்கை என்று நினைப்பது இப்போது வலக்கை. வலக்கை என்று நினைப்பது இடக்கை. லீட் 1 = −0.87 − 0 = −0.87. தலைகீழ்! லீட் 2 = 0.87 − 0 = 0.87. லீட் 3 = 0.87 + 0.87 = 1.74. இரண்டாம் லீடும் மூன்றாம் லீடும் இடம் மாறிக்கொண்டன. நோயில்லாதவருக்கு நோய் இருப்பதாகவும், நோயுள்ளவரின் அறிகுறி மறைந்து போவதாகவும் இதனால் நேரக்கூடும். ஒரு கழித்தற்குறி இடம் மாறினால் விளைவது இவ்வளவு.

மார்பு லீடுகள் மட்டும் ஏன் மாறவில்லை? மார்பின் மீது ஒட்டிய முனையின் மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்ற கேள்விக்கு, 1934-இல் அமெரிக்க மருத்துவர் பிராங்க் வில்சன் ஒரு வழி கண்டார். மூன்று மூலைகளின் மின்னழுத்தங்களுடைய சராசரியை ஒப்பீட்டுப் புள்ளியாக வைத்தார். நம் எடுத்துக்காட்டில் 0.87 + 0 − 0.87 = 0. இருமுனை எந்தத் திசையைப் பார்த்தாலும், 120 பாகை இடைவெளியில் உள்ள மூன்று மூலைகளின் கோசைன்களைக் கூட்டினால் பூச்சியமே வரும். எனவே உடலிலேயே ஏறத்தாழ ஒரு 'தரைமட்டம்' கிடைத்துவிடுகிறது. மூன்றையும் கூட்டும்போது எது வலக்கை, எது இடக்கை என்ற கேள்வியே எழாதாகையால், கைக்கம்பிகள் மாறினாலும் மார்பு லீடுகள் மாறுவதில்லை. இதயமே வலப்பக்கம் இருந்திருந்தால் அவையும் மாறியிருக்கும். மருத்துவர் சில நொடிகளில் முடிவுக்கு வந்தது இதனால்தான். அவர் சமன்பாட்டை நினைத்திருக்க மாட்டார். ஆனால் சமன்பாடு அவருக்காக அங்கே வேலை செய்தது.

எளிமையின் எல்லை

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இதயம் ஒரு புள்ளியன்று. ஒரு கணத்தில் அதன் பல பகுதிகளில் பல அலைமுகப்புகள் நகர்கின்றன. உடல் எல்லையற்ற கடத்தியும் அன்று. நுரையீரலின் கடத்துதிறன் வேறு, இரத்தத்தின் கடத்துதிறன் வேறு. தோள்களும் அடிவயிறும் சரியான சமபக்க முக்கோணமும் அல்ல. ஆகவே ஒற்றை இருமுனை என்பது முதற்படி விளக்கம் மட்டுமே. இதயத்துக்கு மிக அருகே உள்ள மார்பு லீடுகளில் இதன் குறை மிகுதியாகத் தெரியும். 'இடைவெளியைவிடத் தொலைவு மிகப் பெரியது' என்ற நம் நிபந்தனை அங்கே பொருந்துவதில்லை. அப்படியிருந்தும் அந்த முதற்படி விளக்கம் நூறாண்டுகளுக்கு மேலாக நோயாளிகளின் கட்டிலருகே பயன்பட்டு வருகிறது.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்குத் திரும்புவோம். நேரும் எதிரும் சமமாக இருந்தால் கூட்டுத்தொகை பூச்சியம்தான். ஆனால் கூட்டுத்தொகை எவ்வளவு என்பதை மட்டும் இயற்கை பார்ப்பதில்லை; எது எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கிறது. அந்த 'எங்கே' என்பதிலிருந்து எஞ்சும் சிறு மின்னழுத்தம், டார்ச்சு விளக்கின் 1.5 வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கே. அதுதான் நெஞ்சிலிருந்து மணிக்கட்டு வரை வந்து, உள்ளே நடப்பதை வெளியே சொல்கிறது.

இப்போதெல்லாம் வகுப்பில் அந்தக் கேள்வி எழுந்தால் நான் உடனே விடை சொல்வதில்லை. கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் நடுவே சாய்வாக ஓர் அம்புக்குறி இட்டு, "இது யாருடையது என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்கிறேன். சற்று நேரத்தில் யாராவது ஒருவர் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்.